அரை ஊஞ்சலுக்கு ஒரு ஷொட்

ஆனி, ஆடி மாதக் காலையில் மட்டக்களப்புக் கல்லடிக் கரையில் நின்று பார்த்தால் கடல் எண்ணெய் ஊற்றி வைத்ததுபோலக் கிடக்கும். கச்சான் தரையிலிருந்து கடலுக்கு வீசுவதால் கரையோரத்துச் சிற்றலைகள் எல்லாம் படுத்துவிடும். இன்றைக்கு வீடியோவுக்கு நல்ல கடல் என்று கமராவைத் தூக்கிக்கொண்டு இறங்கினால், ஐந்து மீற்றரில் பாறையைக் கண்டதும்தான் விசயம் விளங்கும். முழு உடம்பும் ஒரு மீற்றர் முன்னுக்குப் போய், நின்று, அதே ஒரு மீற்றர் பின்னுக்கு வரும். மேலே கண்ணாடி, கீழே ஊஞ்சல். சுழியோடிகள் இதைச் 'சேர்ஜ்' என்பார்கள்.

இதை நீரோட்டத்தோடு குழப்பக்கூடாது. நீரோட்டம் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டே போகும். சேர்ஜ் கொண்டுபோன ஆளைத் திருப்பிக் கொண்டுவந்து விடும். அந்த ஒரு குணத்தை நம்பித்தான் இதற்குள் வீடியோ எடுக்கலாம். கமராவை அசையாமல் பிடிப்பது எப்படி என்று கேட்கிறவர்களுக்குச் சொல்லக்கூடியது ஒன்றுதான்: முடியாது. ஆட்டம் எவ்வளவு தூரம், எத்தனை செக்கன் என்று அளந்து, அதற்குள் ஷொட்டை வைப்பதே வேலை.

அலையின் உயரத்தை மட்டும் பார்த்து ஏமாறுகிறவர்கள்தான் அதிகம். ஒரு முகடு போய் அடுத்த முகடு வர எடுக்கும் நேரம், அதாவது அலைக்காலம், உயரத்தைவிட முக்கியம். ஐந்து மீற்றர் ஆழம், அந்த இடத்தில் அலை அரை மீற்றர் என்று வையுங்கள். அலைக்காலம் 5 செக்கன் என்றால் அடியில் நீர் ஏறத்தாழ 40 சென்ரிமீற்றர்தான் போய்வரும். 10 செக்கன் என்றால் ஒரு மீற்றர். 14 செக்கன் என்றால் ஒன்றரை மீற்றர். மூன்றுக்கும் உயரம் ஒன்றே. அலை ஒரு மீற்றராகி, அலைக்காலமும் 12 செக்கனாகிவிட்டால் இரண்டரை மீற்றர் ஆட்டம். அது வீடியோவுக்கான நாள் இல்லை, ஆழம் குறைந்த பாறைக்கே போகக்கூடாத நாள்.

ஆழத்துக்குப் போனால் தப்பலாமா? பாதி தப்பலாம். அலையின் அசைவு அதன் நீளத்தில் பாதி ஆழம் வரைக்கும் இறங்கும். 6 செக்கன் காற்றலையின் நீளம் ஆழ்கடலில் 56 மீற்றர், ஆகவே 28 மீற்றரில் அது செத்துவிடும். 10 செக்கன் அலையின் நீளம் 156 மீற்றர். அது 20 மீற்றரிலும் அரை மீற்றர் உயரத்துக்கு 40 சென்ரிமீற்றர் ஆட்டும். தெற்கே வெகு தொலைவில், இந்து சமுத்திரத்தின் அடிப்பக்கப் புயல்களில் பிறந்து நாட்கணக்காக ஓடிவரும் அலைகள் இந்த நீண்ட வகை. அறுகம்பையில் அலைச்சறுக்குப் பலகைக்காரர்கள் சித்திரையிலிருந்து ஐப்பசி வரைக்கும் காத்திருப்பதும் இதே அலைக்குத்தான். அவர்கள் சிரிக்கிற நாளில் பொத்துவில் பக்கத்து முனைகளில் கமராவோடு இறங்குகிறவர் அழவேண்டியதுதான்.

பாசிக்குடாவின் ஆழம் குறைந்த குடாவுக்குள் அலை பெரும்பாலும் அடங்கிப்போகும். பழகுவதற்கு நல்ல இடம். அதன் வெளிப்பக்க முருகைக்கல்லில் அந்தச் சலுகை கிடையாது. கார்த்திகையிலிருந்து மாசி வரைக்கும் வாடைக் காலத்தில் கிழக்குக் கரை முழுவதும் கலங்கல், அதைப்பற்றிப் பேச ஒன்றுமில்லை. மழைக்குப் பிறகு முகத்துவாரம் வெட்டி வாவித் தண்ணீர் கடலுக்குள் இறங்கும் நாட்களிலும் அந்தப் பக்கம் தேநீர் நிறம்தான்.

காலநிலைச் செயலிகளில் காற்றலையையும் தூர அலையையும் தனித்தனியாகக் காட்டுவதைத் திறந்து பாருங்கள். தூர அலை அரை மீற்றர், 8 செக்கனுக்குள் என்றால் ஆழம் குறைந்த பாறைக்குப் போகலாம். 12 செக்கனுக்கு மேல் என்றால் திட்டத்தை 15 மீற்றருக்குக் கீழே மாற்றுவது நல்லது. காலை ஆறு, ஏழு மணிக்கு இறங்குவதே வசதி. மத்தியானத்துக்குப் பிறகு கடற்காற்று எழும்பி மேல்நீரும் கலையும், படகில் ஏறுவதும் தொல்லையாகும். இன்னொன்று: கச்சான் பலமாக வீசும் நாளில் மேலே வந்தவரைக் காற்று கரைக்குத் தள்ளாது, வெளிக்கடலுக்குத்தான் தள்ளும். சமிக்ஞை மிதவை இல்லாமல் போகவேண்டாம்.

இறங்கியதும் கமராவைத் திறக்காதீர்கள். முதல் இரண்டு நிமிடம் பார்ப்பதற்கு. பாறையில் வளைந்தாடும் கடல்விசிறி அல்லது பாசி ஒன்றைத் தேர்ந்து, அது ஒரு பக்கம் சாய்ந்து திரும்ப அதே பக்கம் சாய்வதை ஐந்து முறை எண்ணி, மணிக்கூட்டில் வந்த செக்கன்களை ஐந்தால் பிரித்தால் அலைக்காலம் கைக்கு வந்துவிடும். எந்தத் திசையில் ஆடுகிறது என்பதும் அப்போதே தெரியும். அலை எப்போதும் ஒரே அளவில் வராது. சில பெரிய அலைகள் கூட்டமாக வந்து, பிறகு ஒன்றிரண்டு நிமிடம் அடங்கும். அந்த அடங்கல் எவ்வளவு நேரம் நீடிக்கிறது என்று பார்த்து வைத்தவருக்குத்தான் நல்ல ஷொட் கிடைக்கும்.

ஊஞ்சலின் இரண்டு முனையிலும் நீர் ஒரு கணம் நின்று திரும்பும். அலைக்காலம் 10 செக்கன் என்றால், நீர் தன் உச்ச வேகத்தின் பாதிக்கும் கீழே இருக்கும் நேரம் ஒவ்வொரு முனையிலும் சுமார் ஒன்றரை செக்கன். நடுவில் வேகம் கூடிப்போகும். மேலே சொன்ன அரை மீற்றர் அலைக்கு ஐந்து மீற்றரில் செக்கனுக்கு 30 சென்ரிமீற்றருக்குச் சற்று மேலே. ஒரு சுழியோடி கமராவோடு சும்மா நீந்துகிற வேகமும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். ஆகவே எதிர்த்து உதைப்பவர் நின்ற இடத்திலேயே நிற்பார், காற்று மட்டும் குறையும், கமராவும் உதைக்கு உதை குலுங்கும்.

ஆகவே ஊஞ்சலோடு போகவேண்டும். இங்கேதான் கமராவை எந்தப் பக்கம் திருப்புவது என்ற கேள்வி வருகிறது, பலர் இதை யோசிப்பதே இல்லை. ஆட்டம் போகும் திசையிலேயே கமராவைப் பார்க்க வைத்தால், பொருள் பெரிதாகிச் சிறிதாகும். தானியங்கிக் குவியம் உள்ள கமரா என்றால் ஒவ்வொரு தடவையும் குவியத்தைத் தேடி மூச்சு வாங்கும். ஆட்டத்துக்குக் குறுக்கே திருப்பினால் பொருள் திரையில் இடம்விட்டு இடம் நகரும், ஆனால் தூரம் மாறாது, குவியம் கெடாது. அசையாப் பொருளுக்குக் குறுக்குத் திசையே நல்லது. பின்முனையில் நின்றதும் பதிவை ஆரம்பித்து, நீர் கொண்டுபோகிற ஐந்து செக்கனும் கையையும் காலையும் அசைக்காமல் விட்டால், தண்டவாளத்தில் வைத்துத் தள்ளியதுபோல ஒரு நகர்வு கிடைக்கும். காசு கொடுத்து வாங்கும் சிலைடரில்கூட அந்த வழுக்கல் வராது. திரும்பி வரும் பாதியை வெட்டிவிடலாம். போகும் பாதி மட்டும் போதும்.

நகரும் மீனுக்குக் கணக்கு வேறு. பாரைக்கூட்டமோ கிளிமீனோ உங்களைப்போலவே அதே நீருக்குள்தான் ஆடுகிறது. ஆகவே உங்களுக்கும் மீனுக்கும் இடையில் ஆட்டமே இல்லை. பின்னாலுள்ள பாறைதான் ஆடும். பின்னணியில் நீலத்தை மட்டும் வைத்து, சற்றுக் கீழிருந்து மேல்நோக்கி எடுத்தால் அன்றைக்குச் சேர்ஜ் இருந்ததே பார்ப்பவருக்குத் தெரியாது. கடல் மோசமான நாளில் முதலில் எடுக்கவேண்டியது இந்த வகைக் காட்சிகளைத்தான்.

சின்ன உயிர்களை நெருங்கி எடுப்பதைப்பற்றி நேராகச் சொல்லிவிடுகிறேன்: ஆட்டம் 20 சென்ரிமீற்றரைத் தாண்டினால் விட்டுவிடுங்கள். திரைக்குள் தெரியும் அகலமே ஐந்து சென்ரிமீற்றர் என்கிறபோது, ஒரு மீற்றர் போய்வருகிற கையால் என்ன செய்ய முடியும்? அகன்ற கோணத்தில், திரை அகலம் மூன்று மீற்றராக இருக்கும் தூரத்தில், அதே ஒரு மீற்றர் ஆட்டம் மூன்றிலொரு பங்குதான், அதைச் சமாளிக்கலாம். கலங்கல் அனுமதிக்கிற அளவுக்குத் தள்ளி நின்று, பொருளைத் திரையின் நடுவில் வைத்து, சுற்றிலும் இடம்விட்டு எடுங்கள். பிறகு நறுக்கிக்கொள்ளலாம்.

ஒதுங்க இடமும் இருக்கும். பெரிய பாறையின் கரைப்பக்க மறைவில் ஒன்றிரண்டு மீற்றருக்கு ஆட்டம் நன்றாகக் குறையும். ஆனால் பாறைக்கும் கரைக்கும் நடுவிலுள்ள ஒடுங்கிய வாய்க்காலுக்குள் போகவே கூடாது. அகலம் குறைகிற இடத்தில் நீரின் வேகம் கூடும். உள்ளே போனவரை அடுத்த பெரிய அலைக்கூட்டம் சுவரோடு சாத்தும். அரை மீற்றர் துருப்பிடிக்காத கம்பி ஒன்றை மணலில் அல்லது செத்த கற்குவியலில் ஊன்றிப் பிடிப்பது சரி. உயிருள்ள முருகைக்கல்லில் ஒரு விரலும் வைக்கவேண்டாம். இலங்கைச் சட்டப்படி முருகைக்கல் பாதுகாக்கப்பட்டது, பாசிக்குடாப் பக்கத்துக் கல் 1998இல் கடல் சூடாகி வெளிறிப்போன பிறகு பட்ட பாடும் போதும். கையுறை போடாமல் இறங்குவது நல்லது என்பது என் கட்சி. வெறுங்கை தானாகவே பின்வாங்கும். முள்ளுள்ள கடல்முள்ளியும், கல்லோடு கல்லாகக் கிடக்கும் தேள்மீனும் ஊஞ்சல் நின்று திரும்புகிற இடத்தில்தான் முழங்காலுக்குக் கீழே இருக்கும். தேள்மீன் வகை குத்தினால், கை தாங்கக்கூடிய சூட்டுநீரில், 45 பாகைக்கு மேல் போகாமல், அரை மணியிலிருந்து ஒன்றரை மணிநேரம் வைத்துக்கொண்டே வைத்தியசாலைக்குப் போகவேண்டும்.

இனி மின்னணு நிலைப்படுத்தல், அதாவது படத்தின் ஆட்டத்தைக் கமராவே திருத்தும் வசதி. அக்சன் கமராக்காரர்கள் எல்லாரும் அதை நம்பித்தான் இறங்குகிறார்கள். அதற்குள்ளிருக்கும் உணரி கமரா சுழல்வதை மட்டும் அறியும்: சரிவு, திரும்பல், தலையசைப்பு. முழுக் கமராவும் சுழலாமல் ஒரு மீற்றர் பக்கவாட்டில் போனால் அதற்கு ஒன்றும் தெரியாது. சேர்ஜ் செய்வதோ முக்கியமாக அதைத்தான். ஆகவே கைநடுக்கத்துக்கு அது மருந்து, ஊஞ்சலுக்கு இல்லை. கூட்டி வைத்தால் ஓரங்கள் பாகுபோல நெளியும், திரையும் நறுக்கப்படும். தட்டையான கண்ணாடி உள்ள ஹவுசிங்கில் (கமராவை வைத்து மூடும் நீர்புகாப் பெட்டி) நீர் ஒளியை வளைப்பதால் பார்வைக்கோணம் ஏறத்தாழ கால் பங்கு சுருங்கும். கமராவோ காற்றில் இருப்பதாக நினைத்துக் கணக்குப் போட்டு, தேவையைவிடக் குறைவாகத் திருத்தும். நிலைப்படுத்தலை ஆகக் குறைந்த அளவில் வைத்து, கையை நம்புவது மேல்.

செக்கனுக்கு 60 பிரேம் எடுத்து 25இல் ஓட்டினால் நேரம் 2.4 மடங்கு நீளும். முனையில் கிடைத்த ஒன்றரை செக்கன் நிதானம் திரையில் மூன்றரை செக்கனாகும், 10 செக்கன் ஊஞ்சல் 24 செக்கனாகி, பார்ப்பவரின் வயிற்றைக் கலக்காது. நம் நாட்டு 50 ஹேர்ட்ஸ் மின்குமிழ் மினுக்கத்துக்குப் பயந்து 50 பிரேம் வைப்பவர்கள் உண்டு. கடலுக்குள் மின்குமிழ் எங்கே இருக்கிறது? ஷட்டர் 1/120 செக்கனைவிட மெதுவாகாமல் பூட்டுங்கள். 20 மீற்றர் மங்கலில் தானியங்கி ஷட்டர் மெதுவாகி ஒவ்வொரு பிரேமும் இழுபட்டுவிடும், அதற்கு மேலே நிலைப்படுத்தலும் வேலை செய்தால் படம் துடிக்கும். ஒளியுணர்திறனான ஐஎஸ்ஓவின் உச்சத்தை 800இல் நிறுத்தலாம். வெள்ளைச் சமநிலையைத் தானியங்கியில் விடவேண்டாம்: ஆடும்போது திரையில் நீலம் கூடக்குறைய, நிறமும் ஷொட்டின் நடுவிலேயே மாறும். வெள்ளைச் சிலேற்றைக் காட்டி, ஐந்து மீற்றருக்கு ஒரு தடவை கையால் வைப்பதே சரி.

கோப்ரோ வகைகள் ஹவுசிங் இல்லாமலே 10 மீற்றர் தாங்கும் என்று பெட்டியில் இருக்கும். சேர்ஜில் ஹவுசிங் இல்லாமல் இறங்குவது வீண் வீரம். கல்லில் ஒரு இடி போதும், லென்ஸ் மூடி வெடிக்க. 60 மீற்றர் ஹவுசிங்கைக் குளிரூட்டிய அறையின் காய்ந்த காற்றில், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொதியோடு மூடுங்கள். படகில் திறந்தால் கடற்காற்றின் ஈரம் உள்ளே போய், கமரா சூடானதும் கண்ணாடியில் பனியாகும்.

இரண்டு கைப்பிடியும் 30 சென்ரிமீற்றர் இடைவெளியும் உள்ள ட்ரே ஒற்றைக் குச்சியைவிட எவ்வளவோ மேல். சரிவைத் தடுக்க அகலம்தான் உதவும். கமராவும் இரண்டு லைற்றும் சேர்ந்தால் நீருக்குள் அரை கிலோவுக்குக் கிட்ட இழுக்கும். அந்தப் பாரம் ஊஞ்சலில் மணிக்கட்டை முறுக்கும். மிதவைக் கட்டைகளைச் சேர்த்து 50 முதல் 100 கிராம் பாரத்துக்குக் கொண்டுவாருங்கள். பயணப்பை தூக்கும் சின்னத் தராசில் கட்டி, வீட்டுத் தொட்டித் தண்ணீருக்குள் தாழ்த்திப் பார்த்தால் அளவு தெரியும். உப்புநீர் கொஞ்சம் கூடத் தூக்கும்: ஒன்றரை லீற்றர் இடம்பிடிக்கும் கருவிக்கு 40 கிராம் வரைக்கும். மணிக்கட்டுப் பட்டியில் தொங்கவிடாதீர்கள், ஆட்டத்தில் அது திரும்பி வந்து முகக்கண்ணாடியில் அடிக்கும். சுருள் கயிற்றால் நெஞ்சு வளையத்தில் கொளுவுவதே நல்லது.

உடம்பின் பாரமும் பார்க்கவேண்டும். 11 லீற்றர் அலுமினிய சிலிண்டரில் அழுத்தம் 200 பாரிலிருந்து 50 பாருக்கு வரும்போது சுமார் இரண்டு கிலோ காற்று போய்விடும். ஐந்து மீற்றரில் கடைசி இருபது நிமிடம் எடுப்பவருக்கு அந்த இரண்டு கிலோதான் வில்லங்கம். மேலே தூக்கும், ஊஞ்சல் அங்கே இன்னும் பலம். ஆரம்பத்திலேயே கடைசி நிலைக்குக் கணக்குப் பார்த்து ஈயம் கட்டவேண்டும், வழக்கத்தைவிட ஒரு கிலோ கூடினாலும் பரவாயில்லை. வழக்கமாக 50 பாரில் மேலே வருபவர் சேர்ஜில் 70இல் திரும்பட்டும்.

கமரா அசையக்கூடாது என்று மூச்சைப் பிடிப்பவர்களைக் காணலாம். இதைவிட ஆபத்தான பழக்கம் வேறில்லை. ஒரு மீற்றர் அலை தலைக்கு மேலே போகும்போது ஆழம் உங்களைக் கேளாமலே மாறுகிறது. பிடித்த மூச்சோடு மேலே தூக்கப்பட்டால் நுரையீரல் கிழியும். மெதுவாக, நீளமாக வெளியே விடுவதை ஷொட்டோடு சேர்த்துக்கொள்ளலாம். குமிழிச் சத்தம் பதிவாகும்தான். அதனாலென்ன, மீன் பாடும் ஊர் என்று பேரெடுத்தாலும் ஹவுசிங்குக்குள் இருக்கும் மைக்கில் மீனின் பாட்டு கேட்கப்போவதில்லை. திரையையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தால் குமட்டும். ஷொட் ஓடும்போது அவ்வப்போது தூரத்துப் பாறையைப் பார்த்துக்கொண்டால் வயிறு அடங்கும்.

மூழ்கிய கப்பல்களுக்குப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. 1942 ஏப்ரல் 9இல் ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்த பிரிட்டிஷ் விமானந்தாங்கிக் கப்பல் ஹேர்மிஸ் 50 மீற்றருக்கும் கீழே கிடக்கிறது. அது தொழில்நுட்பச் சுழியோடிகளின் இடம், அங்கே பிரச்சினை நீரோட்டம், சேர்ஜ் இல்லை. அதே நாளில் மூழ்கிய பிரிட்டிஷ் சார்ஜன்ட் எண்ணெய்க் கப்பல் 25 மீற்றருக்கு அண்மையில். ஒரு மீற்றர், 10 செக்கன் அலை வந்தால் அங்கேயும் 60 சென்ரிமீற்றர் ஆட்டம் இருக்கும். கல்லில் 60 சென்ரிமீற்றர் ஒன்றுமில்லை. துருப்பிடித்த தகட்டு விளிம்புக்குப் பக்கத்தில் அது வேறு கதை. உடைந்த வாசல்களில் நீர் ஒடுங்கி வேகமாகும், ஆகவே ஆடுகிற நாளில் வெளியே நின்று எடுப்பதோடு சரி.

லைற்றுகளைக் கமராவுக்கு நேராக வைத்தால் ஊஞ்சல் கிளப்பிய மணல் எல்லாம் பனிமழையாகத் தெரியும். இரு பக்கமும் நன்றாக அகற்றி, ஒளியின் உள்விளிம்பு மட்டும் பொருளைத் தொடும்படி வெளியே திருப்புங்கள். கை மூட்டுகளை இறுக்கிவிட்டு இறங்குங்கள். பத்து நிமிட ஆட்டத்தில் தளர்ந்து, இரண்டு லைற்றும் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

மேலே வந்ததும் ஹவுசிங்கை மணலில் வைக்காமல் நல்ல தண்ணீரில் அரை மணிநேரம் ஊறவிட்டு, ஊறும்போதே எல்லாப் பொத்தானையும் இருபது தடவை அமத்துங்கள். சேர்ஜில் போன மணல் பொத்தானின் சுருளுக்குள் இருக்கும். மூடியின் ரப்பர் வளையமான ஓ-ரிங்கை எடுத்து, விரலால் தடவிப் பார்த்து, குண்டூசித் தலையளவு கிறீஸ் போதும். கூடப்போட்டால் அதுவே மணலைப் பிடிக்கும்.

தொகுக்கும்போது கணினியின் நிலைப்படுத்தலைப் போட்டுப் பார்ப்பவர்கள் அதன் 'வளைத்தல்' தெரிவை அணைத்துவிடவேண்டும். மிதக்கும் மணலையும் ஆடும் விசிறியையும் நிலையான புள்ளி என்று நினைத்து, அசையாத பாறையை அது நெளிய வைக்கும். இடமாற்றத்தை மட்டும் திருத்தச் சொன்னால் போதும். வெட்டுகளை ஊஞ்சலின் முனையில் வையுங்கள்: ஒரு ஷொட் வலப்பக்கம் போய் நிற்கும் கணத்தில் முடிந்தால், அடுத்தது நின்று புறப்படும் கணத்தில், அதே வலப்பக்கமாகத் தொடங்கட்டும். இடப்பக்கம் போவதைக் கொண்டுவந்து ஒட்டினால் கண் தடுக்கும்.